ஒட்டகத்தின் மேல் கர்சர்

வார்த்தை என்றால் என்ன? தமிழ் வாத்தியாரைக் கேட்டால் ஒரு பீரியட் சொல்வார். கம்ப்யூட்டரைக் கேட்டால், 'இடைவெளியிலிருந்து இடைவெளி வரை' என்று முடித்துக்கொள்ளும். ஆபீசில் பாதிப் பேர் மணிக்கட்டு வலி என்று தைலம் தேய்ப்பதில் இதற்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

அம்புக்குறிச் சாவியைத் தட்டினால் கர்சர் ஓர் எழுத்து நகரும். விண்டோஸில் கன்ட்ரோலோடு சேர்த்துத் தட்டினால் ஒரு வார்த்தை தாவும். மெக்கில் ஆப்ஷன் சாவி. இதுவரை சரி.

புரோகிராம் எழுதுகிறவர்கள் இடைவெளி விடமாட்டார்கள். 'டோட்டல் பில் அமௌண்ட்' என்பதை இங்கிலீஷில் ஒரே சொல்லாக ஒட்டி, நடுவில் வரும் சொற்களின் முதலெழுத்தைப் பெரிதாக்குவார்கள். அங்கங்கே திமில் தெரிவதால் இதற்கு 'கேமல் கேஸ்' என்று பெயர். அதில் 'பில்'லை மட்டும் மாற்றவேண்டும் என்றால்? கன்ட்ரோலை அழுத்தினால் ஒட்டகத்தையே தாண்டிவிடும். வெறும் அம்பு என்றால் நத்தை வேகம்.

வழி இருக்கிறது சார். வி.எஸ். கோடில் கன்ட்ரோல் கே, கன்ட்ரோல் எஸ் அடுத்தடுத்து அழுத்துங்கள். சாவிகளின் பட்டியல் வரும். அதில் 'கர்சர் வேர்ட் பார்ட்' என்று இங்கிலீஷில் தேடினால் ரைட், லெஃப்ட் என்று அகப்படும். வேறு வேலையில்லாத சாவியாகப் பார்த்து இரண்டுக்கும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் கர்சர் திமில் திமிலாக நின்று போகும். அடிக்கோடு போட்டு ஒட்டிய பெயர்களிலும் நிற்கும். ஈமேக்ஸ் ஆசாமிகளுக்கு 'சப்வேர்ட் மோட்' இருக்கிறது. ஒரு தடவை போட்டால் போதும்.

சரி, தமிழுக்கு?

'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று அடித்துப் பாருங்கள். பதினெட்டு எழுத்து. நமக்கு அதில் வந்து, கொண்டு, இருந்தவர்கள், எல்லாம் எல்லாமே தெரிகிறது. கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஒரே மூட்டை. நம் மொழியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. தையல் தெரியாத துணியில் எங்கே பிரிப்பது? நடுவில் ஒரு ஒற்று விட்டுப்போனால் ஊர்ந்துதான் போகவேண்டும். கன்ட்ரோலோடு பேக்ஸ்பேஸ் தட்டினாலோ மூட்டையே காலி.

பேக்ஸ்பேஸ் தனியாக வேறு ஒரு வேடிக்கை செய்யும். பெரும்பாலான இடங்களில் 'கொ' மேல் தட்டினால் 'க' மட்டும் மிஞ்சும். யூனிகோட் கணக்கில் அது இரண்டு குறி. அம்புக்குறிக்கோ அது ஒரே எழுத்து. ஒரே கீபோர்டில் இரண்டு இலக்கணம்!

திமிலில் நிற்க கர்சருக்குச் சொல்லிக்கொடுத்தது யாரோ ஒரு புரோகிராமர். தன் கை வலித்ததால் செய்திருப்பார். தமிழில் சொல்லைப் பிரிக்கும் விதிகள் நன்னூல் காலத்திலிருந்தே இருக்கின்றன. அவற்றைக் கர்சருக்குச் சொல்லித்தர, தமிழில் டைப் அடித்துக் கை வலித்த ஒரு புரோகிராமர் போதும். உங்கள் பக்கத்து சீட்டில் இருக்கிறாரா பாருங்கள். தைலத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.