ஜடேஜாவைவிட 20 லட்சம் கூடுதல்

2025 நவம்பர் 15 அன்று காலை மேலூரிலிருந்து என் மைத்துனன் போன் போட்டான். "மச்சான், ஜடேஜாவ வித்துப்புட்டாய்ங்க." குரல் துக்க வீட்டு வாசலில் நின்று பேசுவதுபோல இருந்தது.

எனக்கு அன்று அவ்வளவு வருத்தமில்லை. பதிலுக்குச் சென்னைக்கு வந்த சஞ்சு சாம்சன் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. 31 வயது, ராஜஸ்தானின் கேப்டனாக இருந்தவர், தோனிக்குப் பிறகு கீப்பர் யார் என்ற கேள்விக்கும் பதிலாகிறார். ஜடேஜாவுக்கு 37 நெருங்கிக்கொண்டிருந்தது. சாம் கரனையும் சேர்த்துக் கொடுத்ததுதான் கொசுறுக்குக் கொஞ்சம் அதிகம். போகட்டும்.

உறுத்தல் தொடங்கியது ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 16-ஆம் தேதி அபுதாபியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில். பிரசாந்த் வீர் என்று உத்தரப் பிரதேசத்துப் பையன், 20 வயது. இடக்கைச் சுழல், மட்டை பிடிப்பதும் இடக்கைதான். அப்போது இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. 30 லட்சத்தில் ஆரம்பித்த விலையைச் சென்னை விடாமல் துரத்தி 14 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. ராஜஸ்தானில் ஜடேஜாவுக்கு என்ன சம்பளம் தெரியுமா? 14 கோடி. ஜடேஜாவை அனுப்பிவிட்டு, ஜடேஜா மாதிரி வரக்கூடும் என்று நம்புகிற ஒருவருக்கு, அவரைவிட 20 லட்சம் அதிகமாகக் கொடுத்திருக்கிறோம்! அதே விலைக்கு 19 வயது கார்த்திக் சர்மா வேறு. கையிலிருந்த 43.40 கோடியில் இந்த இருவருக்கே 28.40 கோடி போய்விட்டது.

2023 இறுதி ஆட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அகமதாபாத், மழை, நள்ளிரவு தாண்டிய நேரம், இரண்டு பந்தில் பத்து ரன். மோகித் சர்மாவை ஜடேஜா அடித்தார் ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. தோனி ஜடேஜாவை அலாக்காகத் தூக்கிக்கொண்டு நின்றார். எங்கள் தெருவில் அந்த அகாலத்தில் வெடி வெடித்தது. அப்படிப்பட்ட இரண்டு பந்துகளை எந்த ஏலத்தில் வாங்க முடியும்?

இளைஞர்களை நம்பக் கூடாது என்று சொல்லவில்லை. மதுரைக்காரன் அப்படிச் சொன்னால் நாக்கு அழுகும். 2018-இல் நத்தம் மைதானத்தில் நம் மதுரை பாந்தர்ஸ் அணிக்காக வருண் சக்கரவர்த்தி பந்து போட்டதை நான் நேரில் பார்த்தவன். கட்டடக்கலை படித்துவிட்டுப் பந்தைக் கையிலெடுத்த மனிதர். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டை பிடித்தவருக்கும் தெரியவில்லை, கேலரியில் இருந்த எங்களுக்கும் தெரியவில்லை. அதுவரை அடிவாங்கியே பழகிய மதுரை அந்த ஆண்டு கோப்பையைத் தூக்கியது. டிசம்பரில் பஞ்சாப் அவரை 8.4 கோடிக்கு எடுத்தது. அடிப்படை விலை வெறும் 20 லட்சம்.

பிறகு நடந்ததுதான் கதை. ஈடன் கார்டனில் அவருடைய முதல் ஐ.பி.எல். ஓவரில் 25 ரன். விரலில் காயம் வேறு. பஞ்சாபுக்கு அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான். அடுத்த ஏலத்துக்குள் கழற்றிவிட்டார்கள். கொல்கத்தா அவரை 4 கோடிக்கு எடுத்து, பொறுத்து, வளர்த்து, 2024-இல் கோப்பையும் வாங்கியது. அந்தப் பருவத்தில் மட்டும் வருணுக்கு 21 விக்கெட். பெரிய விலை கொடுத்தவனுக்குப் பொறுமை இல்லை, அதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தவனுக்கு அறுவடை.

2025 பருவத்தில் கடைசி இடத்தில் முடித்த சென்னைக்கே இதில் ஒரு பாடம் இருந்தது. பாதி வழியில் 30 லட்சத்துக்கு வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 94 அடித்தாரே! அந்தப் பையன் தலையில் யாரும் 14 கோடியை ஏற்றி வைக்கவில்லை. எதிர்த்திசையிலும் கை சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்தில் டல்லாஸ் அணி 25 வயது லூக்கா டான்சிச்சை 2025 பிப்ரவரியில் கொடுத்துவிட்டு, 31 வயது ஆண்டனி டேவிஸை வாங்கியது. அந்தப் பேரத்தை முடித்த மேலாளருக்கு நவம்பரில் வேலை போயிற்று.

எங்கள் ஊர்க் கண்மாயிலும் ஒரு பேரம் நடந்தது. வறண்ட கோடையில் டென்னிஸ் பந்துப் போட்டி, நான்தான் கேப்டன். லாரி ஓட்டும் சித்தப்பா முறைக்காரர் ஒருவர் பல வருடமாக எங்களுக்கு இடக்கைச் சுழல் போட்டுவந்தார். வயதாகிவிட்டது என்று அவரை உட்கார வைத்து, பந்தை நன்றாகத் திருப்பும் கல்லூரிப் பையன் ஒருவனை இறக்கினேன். முதல் ஓவரிலேயே நாலு வைடு. புளிய மரத்தடியில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த சித்தப்பா நோட்டை வைத்துவிட்டு எழுந்து, எல்லைக்கோட்டுக்கு வந்து, பையனைக் கூப்பிட்டார். பந்தை வாங்கி விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினார். அந்த ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் அந்தப் பையன் அதற்குப் பிறகு ஆறு வருடம் எங்களுக்குப் பந்து போட்டான்.

பிரசாந்த் வீருக்கு ஜடேஜாவின் பக்கத்து நாற்காலியில் இரண்டு பருவம் கிடைத்திருந்தால் 14 கோடிகூட எனக்குப் பெரிதாகத் தோன்றியிருக்காது. பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் பதினைந்தாவது ஓவரில், எதிரே ஒருவன் கண்மூடித்தனமாகச் சுழற்றும்போது, மிட் ஆஃபில் இருந்து ஓடிவந்து காதில் ஒரு வார்த்தை சொல்ல ஆள் வேண்டும்.

2025 அக்டோபர் 9 அன்று மதுரை சிந்தாமணியில் புது மைதானத்தைத் திறக்கத் தோனி வந்தபோது ரிங் ரோட்டில் கூடிய கூட்டத்தில் நானும் ஒருவன். அத்தனை மஞ்சள் சட்டைகளும் பொறுமைசாலிகள் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. சேப்பாக்கத்தில் பிரசாந்த் வீருக்கும் ஒரு ஓவரில் 25 போகும் நாள் வரும். அன்றைக்கு எங்கள் வீட்டில், "ஜடேஜா இருந்திருந்தா..." என்று டிவியைப் பார்த்து முதலில் கத்தப்போவது நானாகத்தான் இருக்கும்.