கண்டி ஏரிக்கரையில்

வயலுக்காக ஏரி வெட்டுவதுதான் நம் தஞ்சைச் சீமையின் வழக்கம். வயலை மூழ்கடித்து ஏரி அமைத்த ஊர் ஒன்றைக் காண விரும்பும் வாசக அன்பர்கள், இலங்கையின் மலைநாட்டுத் தலைநகரான கண்டிக்கு ஒருமுறை சென்று வரவேண்டும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், குன்றுகள் சூழ, மகாவலி கங்கை வளைந்தோடும் இடத்தில் அமைந்தது இவ்வூர். கரையோரப் பகுதிகளைப் போர்த்துக்கீசியரும் பின்னர் டச்சுக்காரரும் பிடித்துக்கொண்ட காலத்திலும் கண்டி தனியரசாகவே நின்றது. அதன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வழியில் வந்தவன், இயற்பெயர் கண்ணுசாமி. 1807ஆம் ஆண்டில் அரண்மனைக்கு எதிரே இருந்த 'திகொல் வெல' என்னும் நெல்வயலில் அணை கட்டி நீரைத் தேக்கினான். மக்கள் கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்டார்கள். பிரதானிகள் பலருக்கு மன்னன் மீது இருந்த மனக்கசப்பு இதனால் மேலும் வளர்ந்தது. 1815இல் ஆங்கிலேயர் கண்டிக்குள் நுழைந்தபோது, அவர்களுக்குத் துணை நின்றவர்களும் அப்பிரதானிகளே! மன்னன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு எழுப்பிய முத்துமண்டபத்தை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம்.

ஏரியைச் சுற்றி நடந்தால் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகும். கரையில் மேகக் கூட்டத்தைப் போன்ற விளிம்புடைய ஒரு மதில் உண்டு. அது முழுமை பெறவில்லை. கட்டியவனின் ஆட்சியே முடிந்துபோயிற்று. அருகிலுள்ள தலதா மாளிகை பௌத்தர்களுக்கு மிகப் புனிதமானது. அதன் வளாகத்தைப் பார்க்க விரும்புவோர் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்த வேண்டும். நம் குடும்பப் பெண்களுக்கு இதில் சிரமம் ஒன்றுமில்லை.

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் இத்துடன் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பாதிக் கண்டியைத்தான் பார்த்தவர்கள் என்பேன். போர்த்துக்கீசியர் கரையோர முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் 1626இல் அவர்களை வரவேற்றுக் கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். மலைநாட்டிலும் முஸ்லிம்கள் பொதிமாடுகளில் உப்பு முதலியவற்றை ஏற்றி வந்து வாணிபம் செய்தார்கள். அரண்மனை வைத்தியர்களாகவும் இருந்தார்கள். நகருக்குள் இருக்கும் மீரா மக்காம் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுதுவிட்டு வாருங்கள். அங்கே நம் தமிழும் காதில் விழும்.

நம் தமிழுக்குக் கண்டி தந்த பெருமகன் அறிஞர் சித்தி லெப்பை. 1838இல் இவ்வூரில் பிறந்த வழக்கறிஞர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' வார இதழைத் தொடங்கினார். 1885இல் அவர் எழுதிய 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. பெண்பிள்ளைகளைப் படிக்க வைப்பதே பிழை என்று பலர் எண்ணிய அந்நாளில், கண்டியில் அவர்களுக்கெனப் பள்ளிக்கூடம் திறந்தவர் அவர். நம் ஊர்களில் இந்த நூலைத் தேடி வைத்திருக்கும் வீடுகள் எத்தனை?

அவருக்கு உற்ற தோழராக வாய்த்தவர் எகிப்தின் ஒராபி பாஷா. 1882இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றுச் சிறைப்பட்டவர். 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். 1892இல் கண்டிக்குக் குடிபெயர்ந்து, 1901 வரை அங்கே வாழ்ந்தார். இன்று ஸாஹிராக் கல்லூரி என்று புகழ்பெற்று விளங்கும் கொழும்பு மத்ரஸா 1892இல் உருவாவதற்கு இவ்விருவரும் பாடுபட்டார்கள். பாஷா வாழ்ந்த வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. கண்டியில் நான் முதலில் போகச் சொல்லும் இடம் அதுவே. தம் மன்னனை வேலூருக்கு அனுப்பிக் கொடுத்த ஊர், பிறர் நாடு கடத்திய தளபதியைப் பெற்றுக்கொண்டதைப் பாருங்கள்!

எழுதாமல் விட முடியாத ஒன்றும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் பள்ளிவாசல்களும், முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் நூற்றுக்கணக்கில் தாக்கப்பட்டன. நாடெங்கும் அவசரநிலை பிறப்பிக்க நேர்ந்தது. முகநூலில் பரவிய வெறுப்புப் பேச்சு அதற்குத் தூபமிட்டது. அந்நிறுவனமே 2020இல் அதற்கு வருத்தம் தெரிவித்தது. செனரத் மன்னன் அடைக்கலம் தந்து ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குப் பின் நடந்த செயல் இது. அங்கே போகிறவர்கள் கடைக்காரர்களிடம் இதைத் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் பாட்டனார் காலத்தில் போட் மெயில் ஏறித் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னாரில் இறங்கினார்கள். 1964ஆம் ஆண்டுப் புயலோடு அந்த வழி அழிந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியது. இடையிடையே நின்றுவிடுவதால் விசாரித்தே புறப்பட வேண்டும். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் செல்வோர், அங்கிருந்து சுமார் 115 கிலோமீட்டர் சாலை வழியே கண்டியை அடையலாம். 1867இல் அமைந்த மலை ரயில் இதைவிட இனியது. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு இருப்புப்பாதைகள் பெரிதும் சேதமடைந்தன. நம் டெல்டாவில் சம்பா வயல்களை மூழ்கடித்ததும் அதே புயல்தான். ஆதலால் ரயில் ஓடுகிறதா என்பதைக் கொழும்பில் கேட்டுக்கொண்டு சீட்டு எடுங்கள். மேலேறும்போது வலப்பக்க ஜன்னலைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.