கடைசல் என்றால் கீரையா?

ஜாலான் புசார் பக்கம் மூடப்பட்ட பட்டறை ஒன்றிலிருந்து, துருவேறிய கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கித் தம் தரைவீட்டின் பின்புறத்தில் வைத்திருக்கிறார் நான் அண்ணன் என்றழைக்கும் பெரியவர். கப்பல் பட்டறையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்தின் மைஃபோர்டு நிறுவனம் 1946இல் அறிமுகப்படுத்திய எம்.எல்.7 வகை அது. அவருடைய மகனோ, "பழைய இரும்புக்குப் போடுங்கள் அப்பா, புதிதாக வாங்கித் தருகிறேன்" என்கிறார். என் கருத்தைக் கேட்டார்கள். புதுப்பிக்கத்தான் வேண்டும் என்றேன்.

துருவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மேலே படர்ந்தது மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். தேய்மானம்தான் உண்மையான கேடு. சக்கிற்கு அருகே மட்டும் படுகைத் தடம் தேய்ந்திருந்தால், கடையும் தண்டு ஒரே பருமனாக வராது. அண்ணன் முதலில் சோதித்தது அதைத்தான். உளி தாங்கும் பகுதியைச் சக்கருகே இறுக்கிவைத்து மறுகோடிக்கு நகர்த்தினார், சிக்காமல் சென்றது. அத்தடத்தை மின்சாணையால் பளபளப்பாக்க முயல்வோர் இயந்திரத்தைக் கெடுத்துவிடுவார்கள்.

சிறு உறுப்புகளுக்கு மின்பகுப்பு முறை. சலவைச் சோடா கரைத்த நீரில் உறுப்பை எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் தகட்டை நேர்முனையிலும் மாட்டினார். எவர்சில்வர் தகடு கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாகக் கரையும். ஹைட்ரஜன் வெளிப்படுவதால் திறந்தவெளியில் செய்ய வேண்டும். ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில், கழுவியதை உடனே துடைத்து எண்ணெயிடாவிட்டால் மாலைக்குள் மீண்டும் சிவந்துவிடும்.

என் மாணவர் நால்வரை அங்கு அழைத்துச் சென்றேன். 'கடைசல்' என்றதும், "கீரையா ஐயா?" என்றாள் ஒரு சிறுமி. கோயம்புத்தூர்க் குடும்பத்துப் பிள்ளை. தேக்காச் சந்தையில் வாங்கிய கீரையைத் தாயார் கடைவதைப் பார்த்திருக்கிறாள். சரியாகத்தான் கேட்டாள். கயிற்றை மாறிமாறி இழுத்தால் மத்து சுழலும். வாரை இழுத்து மரத்தைச் சுழற்றி உளியால் செதுக்கிய பழைய கடைசல்காரர் செய்ததும் அதுவே. தயிருக்கும் கீரைக்கும் மரத்துக்கும் இரும்புக்கும் ஒரே வினைச்சொல். ('கடைந்தெடுத்த அயோக்கியன்' என்ற வசையையும் சொன்னேன். அதை மட்டும் உடனே மனப்பாடம் செய்துகொண்டார்கள்!) வகுப்பில் பலமுறை நடத்தியும் பதியாத சொல், அன்று சக்கைக் கையால் சுழற்றியதும் பதிந்தது.

பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் சுரண்டும் வேலையைப் பிள்ளைகளுக்குத் தரவில்லை. எண்ணெய் துடைத்தார்கள். அழைத்துப்போக வந்த ஒரு தாயார் மகனின் கைகளைப் பார்த்துவிட்டு, "ஒழுங்காகப் படிக்காவிட்டால் இப்படித்தான் கை கறுக்கும்" என்றார். அண்ணன் காதிலும் விழுந்தது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனெனில் அதே மிரட்டலை நானும் வகுப்பில் சொன்னதுண்டு. உழவின் பெருமையைக் குறளில் நடத்திய அதே வாயால்!

1969 முதல் இந்நாட்டில் உயர்நிலைக் கீழ்வகுப்பு ஆண்பிள்ளைகள் அனைவரும் தொழில்நுட்பப் பாடம் படித்தார்கள். உலோக வேலையும் அதில் அடக்கம். அவர்கள் இன்றைய தாத்தாக்கள். அரம் பிடித்த அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகளிடம் பட்டறையைத் தண்டனையாகக் காட்டுகிறோம். புதிய இயந்திரம் நன்றாகவே ஓடும். மகன் சொல்வதில் தவறில்லை. ஆனால் அதைப் பிரித்துப் பார்க்க எந்தத் தகப்பனார் பிள்ளையை விடுவார்?

இன்னும் ஒரு பல்சக்கரம் கிடைக்கவில்லை. சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தை இருந்திருந்தால் போய்த் துழாவியிருப்போம்; அது 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது. அண்ணன் இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். அந்தத் தாயாரின் மகன் அடுத்த சனிக்கிழமையும் வருகிறானாம். பழைய சட்டை ஒன்றைத் தாயாரே எடுத்துவைத்திருப்பதாகச் சொன்னான்.