ஒப்பீட்டுப் பாடமும் உல்லாஸ்நகர்ப் பிள்ளைகளும்

சிந்தி அகதிகள் குடியேறிய கல்யாண் முகாம், 1949இல் இராஜாஜியின் கையால் உல்லாஸ்நகர் ஆயிற்று. அங்கு வளரும் தமிழ்ப் பிள்ளையின் காதில் தமிழோடு சிந்தியும் இந்தியும் மராத்தியும் விழுகின்றன. நான்கிலும் ஒப்பீட்டின் வழி ஒன்றே: உருபு பெயரோடு சேரும், பண்புச்சொல் மாறாது. தமிழின் ‘விட’ செய்வதை இந்தியில் ‘சே’யும் மராத்தியில் ‘பேக்ஷா’வும் செய்கின்றன. தொல்காப்பியரும் ஒப்பீட்டை ஐந்தாம் வேற்றுமையில்தான் வைத்தார். திராவிட மொழிகளில் பண்புச்சொல் ஒப்பீட்டு விகுதி ஏற்பதில்லை என்பதைக் கால்டுவெல் 1856இலேயே எழுதிவிட்டார்.

ஆகவே ‘டால் தேன் மை பிரதர்’ என்று எழுதும் மாணவர் இலக்கணம் அறியாதவர் அல்லர். ‘அண்ணனைவிட உயரம்’ என்னும் இலக்கணத்தை நன்கறிந்தவர். ‘மோர் டாலர்’ (இது நாணயமன்று) என்பதோ வேறு வகைப் பிழை. ஆங்கிலத்தின் இரு வழிகளும் அங்கே மோதிக்கொள்கின்றன. ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலேயே அத்தகைய இரட்டிப்பு உண்டு. இரண்டையும் ஒரே சிவப்பு மையால் சுழிப்பது கற்பித்தலாகாது.

இதனினும் கேடு, உச்சநிலைக்கு ‘மிக’ என்று பொருளெழுதிக் கொடுப்பது. ‘மிக உயரமானவன்’ எனில் ‘வெரி டால்’ என்றும் கொள்ளலாம், ‘டாலஸ்ட்’ என்றும் கொள்ளலாம். ‘எல்லாரையும்விட’, ‘எல்லாரிலும்’ என்று எழுதினால் அம்மயக்கம் எழாது. இந்தியின் ‘சப்சே’யும் அதுவே. விகுதி அட்டவணையை மனப்பாடம் செய்விக்குமுன் இந்தத் தொடர்களைக் கரும்பலகையில் எழுத ஒரு வகுப்பு நேரம் போதும்.