முனையம் யாருக்கு உரியது?

பல்கலைக்கழக ஆய்வகங்களின் பொதுச் சேவையகங்களில் ஒரு குறுக்குவழி வேரூன்றியிருக்கிறது. மாணவர் தம் கணக்கில் நுழைகிறார். 'எஸ்யூ' கட்டளையால் திட்டத்தின் பொதுக் கணக்குக்கு மாறுகிறார். 'ஸ்கிரீன்' நிரலை இயக்குகிறார். முனையத்தைத் திறக்க இயலவில்லை என்கிறது அது. உடனே முனையக் கோப்பின் அனுமதி 666 ஆக்கப்படுகிறது, வேலையும் நடந்துவிடுகிறது. கதவு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பதற்கு ஒப்பானது இது.

லினக்ஸில் முனையமும் ஒரு கோப்பே. அதற்கு உரிமையாளர் உண்டு. ஒருவர் உள்நுழையும்போது அவருடைய முனையம் அவர் பெயருக்கு மாற்றப்படுகிறது. அனுமதி வழக்கமாக 620 அல்லது 600 என அமைகிறது. நேரடி முனையத்தில் அடுத்தவர் நுழையுமுன் உரிமை ரூட்டுக்குத் திரும்புகிறது. முந்தையவரின் எஞ்சிய நிரல்கள் கடவுச்சொல்லை ஒட்டுக்கேளாதபடி பழைய இணைப்புகளும் அறுக்கப்படுகின்றன. 'எஸ்யூ' பயனரை மாற்றுகிறதேயன்றி முனையத்தின் உரிமையை மாற்றுவதில்லை. ஏற்கெனவே திறந்த இணைப்பு தொடர்வதால் ஷெல் இயங்குகிறது. பெயர் சொல்லிப் புதிதாகத் திறக்க முயலும் 'ஸ்கிரீன்' தடைபடுகிறது. தடை பிழையன்று, காவல்.

666 என்றால் அச்சேவையகத்தின் எந்தப் பயனரும் அம்முனையத்தில் தட்டப்படும் எழுத்துகளை வாசித்துப் பறிக்கலாம். பொய்யான கடவுச்சொல் கேள்வியையும் திரையில் எழுதலாம். இது வெறும் அச்சமன்று. 2024 மார்ச்சில் வெளியான 'வால்எஸ்கேப்' குறைபாடு, குழுவுக்குரிய எழுதும் அனுமதி ஒன்றைக்கொண்டே அத்தகைய ஏமாற்றுக்கு வழியிருந்ததைக் காட்டியது. அந்தப் பிழை 2013 முதல் நிரலில் இருந்தது.

மாற்றுவழிகள் எளியவை. பொதுக் கணக்கில் எஸ்எஸ்ஹெச் வழியே நேரடியாக நுழையலாம். 'ஸ்கிரீன்' நிரலை முதலில் தொடங்கி, அதனுள் கணக்கை மாற்றலாம். 'ஸ்கிரிப்ட்' கட்டளையால் புதிய முனையம் பெறலாம். பிறர் செய்தி வேண்டாதவர் 'மெசேஜ் என்' கட்டளையால் எழுதும் அனுமதியை விலக்கலாம்.

இயங்குதளப் பாடத்தில் கோப்பு அனுமதிகள் மூன்று எண்களாக மனனம் செய்யப்படுகின்றன. அவை யாரிடமிருந்து யாரைக் காக்கின்றன என்பது கேட்கப்படுவதில்லை. 666 என்று தட்டும் மாணவரைக் குறை கூறுமுன், அக்கேள்வியை வகுப்பறையில் எழுப்பாத ஆசிரியர்களே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.