பைக் இன்சூரன்ஸ்: எதில் மிச்சம் பிடிக்கலாம்? எதில் கை வைக்கக் கூடாது? - முழு விவரம்

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. தனிநபர் ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு வரியே நீக்கப்பட்டது. ஆனால் பைக் இன்சூரன்ஸுக்கு மட்டும் அதே 18 சதவீதம்தான். "வண்டி விலை குறைஞ்சுது, இன்சூரன்ஸ் ஏன் குறையலை?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

திருவள்ளூர் மாவட்டம் மணவூர் போன்ற ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. சென்னை - அரக்கோணம் பாதையில் மின்சார ரயில் பிடிக்க ஸ்டேஷன் வரை பைக்; திருத்தணி சந்தைக்கும் கோயிலுக்கும் பைக்; எல்லை தாண்டி நகரி போகவும் அதே பைக். இப்படி ஓடும் வண்டிக்கு குறைந்த செலவில் இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி?

தேர்ட் பார்ட்டி: எங்கு வாங்கினாலும் ஒரே ரேட்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-ன்படி மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்ட் பார்ட்டி கட்டாயம். இதன் கட்டணத்தை கம்பெனிகள் முடிவு செய்வதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யுடன் கலந்து மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான பட்டியல்படி ஓராண்டுக் கட்டணம் இதுதான்:

75 சிசி வரை - 538 ரூபாய்
75 முதல் 150 சிசி வரை - 714 ரூபாய்
150 முதல் 350 சிசி வரை - 1,366 ரூபாய்
350 சிசிக்கு மேல் - 2,804 ரூபாய்

இதற்கு மேல் ஜிஎஸ்டி. 100 சிசி வண்டிக்கு 714 ரூபாயுடன் வரி சேர்த்தால் சுமார் 843 ரூபாய். ஒரு நாளைக்கு இரண்டரை ரூபாய் கூட ஆகாது. ஆனால் 150 சிசியைத் தாண்டிவிட்டால் கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. 160 சிசி பைக் வாங்க நினைப்பவர்கள் வருடா வருடம் வரும் இந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அரசு நிர்ணயித்த கட்டணம் என்பதால் "எங்ககிட்ட மட்டும் தேர்ட் பார்ட்டி பாதி விலை" என்று யாராவது சொன்னால் உஷார். அது போலி பாலிசியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கட்டாவிட்டால் என்ன ஆகும்?

இன்சூரன்ஸ் இல்லாமல் சிக்கினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை அபராதம் 4,000 ரூபாய். பெரிய ஆபத்து அபராதம் அல்ல. விபத்தில் ஒருவர் இறந்தாலோ, கை கால் இழந்தாலோ தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு லட்சக்கணக்கில் போகும். இன்சூரன்ஸ் இல்லை என்றால் வண்டி உரிமையாளர்தான் கட்ட வேண்டும். "பக்கத்துலதானே போறோம்" என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது.

தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா?

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். தேர்ட் பார்ட்டி என்பது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும்.

நம் வண்டி சேதமானாலோ, திருடு போனாலோ காசு வராது. காலையில் ஸ்டேஷன் வாசலில் விட்டு இரவு வந்து எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, பின்னால் அமர்பவர். தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில், பின்னால் உட்கார்ந்து வருபவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தவறு எதிர் வண்டி மீது என்றால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் கேட்கலாம். தானாகச் சறுக்கி விழுந்தால்? மனைவியோ அம்மாவோ பின்னால் இருந்தாலும் கைக்காசுதான். முழுக் காப்பீடு எனப்படும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பின்னால் அமர்பவருக்கும் பாதுகாப்பு உண்டு.

ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக உள்ளது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். வீட்டில் இரண்டு வண்டி ஒரே பெயரில் இருந்தால் இதை இரண்டு முறை வாங்கத் தேவையில்லை, ஒன்று போதும். ஏற்கெனவே அதே அளவுக்குத் தனி விபத்துக் காப்பீடு வைத்திருந்தாலும் கட்ட வேண்டியதில்லை.

உண்மையில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பேரம் பேச இடம் இருப்பது சொந்த சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில் மட்டுமே. அதன் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எனவே மூன்று நான்கு இடங்களில் விலை கேட்பது அவசியம்.

* ஓராண்டு கிளைம் எடுக்காவிட்டால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து 5 ஆண்டு எடுக்காவிட்டால் 50 சதவீதம். சின்னக் கீறலுக்கு கிளைம் போட்டால் இந்த என்சிபி சலுகை போய்விடும்.

* பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் என்சிபி போய்விடும். வண்டியை விற்றால், இந்தச் சலுகையைப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். அது வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்குச் சொந்தம்.

* பிரீமியம் குறைவு என்று காட்ட ஐடிவி எனப்படும் வண்டி மதிப்பைக் குறைத்துப் போடுவது உண்டு. திருடு போனால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும்.

* பழைய வண்டி, சந்தை விலை 15 - 20 ஆயிரம்தான் என்றால் ஓன் டேமேஜ் தேவையா என்று யோசிக்கலாம். அப்படி விட்டால், பின்னால் அமர்பவருக்கான விபத்துக் காப்பீட்டையாவது கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க முடியுமா என்று கேட்பது நல்லது.

புது வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் புது பைக்குக்கு 5 ஆண்டு தேர்ட் பார்ட்டி சேர்த்தே வாங்க வேண்டும். ஆனால் ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் இருக்கும். "அஞ்சு வருஷம் இருக்கே" என்று விட்டுவிட்டால், இரண்டாம் ஆண்டு வண்டி திருடு போனால் ஒன்றும் கிடைக்காது. ஓன் டேமேஜை மட்டும் தனியாக, வேறு கம்பெனியிலும் எடுக்கலாம். தேர்ட் பார்ட்டிக்கு மறுபடி பணம் கட்ட வேண்டாம்.

பழைய வண்டி வாங்குபவர்கள் ஆர்சியை மாற்றுவதோடு நிற்காமல், பாலிசியையும் 14 நாட்களுக்குள் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

எப்படிச் சரிபார்ப்பது?

எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று தெரியும். அதில் வராத பாலிசி என்றால் கம்பெனியிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும். பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும் என்பதால் நகரிக்கோ திருப்பதிக்கோ போகத் தனியாக எதுவும் எடுக்க வேண்டாம்.

கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் தீர்வு இல்லை என்றால் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஐஆர்டிஏஐ-யின் 155255 என்ற எண்ணிலும் புகார் அளிக்கலாம்.