திமிலைத் தொடும் அந்த ஒரு பிரேம்

ஆண்டு பிறந்ததும் புதுக்கோட்டை மாவட்டம் தச்சங்குறிச்சியில் வாடிவாசல் திறக்கும். தமிழ்நாட்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் அங்கேதான். பிறகு கோடை வரை ஊர் மாற்றி ஊர் காளைகள் சீறிக்கொண்டு வரும். 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்க்கப்பட்டன. வாடிவாசலுக்கு எதிரே போட்ட மேடையில் வீடியோகாரர் காலையிலிருந்து நிற்பார். மாட்டுக்காரருக்கு வேண்டியதோ தன் காளை வெளியே பாய்ந்த சில நொடிகள்தான்.

அந்தச் சில நொடிகளை வெட்டி எடுப்பதற்குள் எடிட்டிங் மேசையில் இருப்பவருக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

காரணம் அவருடைய திறமைக் குறைவு அல்ல. பழைய மினி டிவி டேப்பில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனி முழுப் படம். ஒரு படத்தில் 4,14,720 புள்ளிகள். நொடிக்கு 25 மெகாபிட். 2006இல் சோனியும் பானசோனிக்கும் ஏவிசிஹெச்டி என்ற பதிவு முறையைக் கொண்டுவந்தன. முழு ஹெச்டி படத்தில் 20,73,600 புள்ளிகள், அதாவது ஐந்து மடங்கு. ஆனால் அதற்கு வைத்த உச்ச அளவு நொடிக்கு 24 மெகாபிட்தான். ஐந்து மூட்டை நெல்லை ஒரே சாக்கில் திணித்த கதை.

எப்படித் திணித்தார்கள்? ஏறக்குறைய அரை நொடிக்கு ஒரு முறைதான் முழுப் படம் பதிவாகும். நடுவில் உள்ளவை முன்னும் பின்னும் இருக்கும் படங்களோடு ஒப்பிட்டு, என்ன மாறியது என்று எழுதிவைத்த குறிப்புகள் மட்டுமே. மாடுபிடி வீரரின் கை திமிலில் படும் பிரேமில் வெட்ட வேண்டுமென்றால், அதைச் சுற்றியுள்ள படங்களையும் கம்ப்யூட்டர் முதலில் விரித்தாக வேண்டும். சாதாரண கம்ப்யூட்டர் திணறும். சத்தம் ஓடும், படம் நிற்கும். போதாததற்கு, இந்த கேமராக்களில் பல ஒரு படத்தை ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு பாதியாக, 1/50 நொடி இடைவெளியில் எடுத்தன. மென்பொருள் அதைச் சரியாகக் கோக்காவிட்டால், பாயும் காளையின் கொம்பு ஓரம் சீப்புப் பல் போலப் பிசிறடிக்கும்.

கேமராவின் மெமரி கார்டிலும் ஒரு கண்ணி உண்டு. நீளமான பதிவைக் கேமரா தானாகவே பல துண்டுகளாக வெட்டி எழுதிவிடும். அவற்றைக் கோக்கும் விவரம் ‘பிரைவேட்’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கிறது. அவசரத்தில் எம்டிஎஸ் என்ற வீடியோ கோப்புகளை மட்டும் காப்பி செய்துகொண்டால், கல்யாண வீடியோவில் ஒட்டும் இடத்தில் நாதஸ்வரம் ஒரு கணம் விக்கும்.

கடைசியில் பெயர் போடும்போது சில மென்பொருள்களில் தமிழும் உடையும். ‘புதுக்கோட்டை’யில் கோவின் கொம்பும் டையின் சங்கிலிக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் விழும். தமிழில் எழுதப் பழகாத மென்பொருளைத் தமிழ்நாட்டில் காசுக்கு விற்பதை எப்படி ஏற்பது? பல ஸ்டூடியோக்களில் பெயரைத் தனியே படமாகச் செய்து மேலே ஒட்டித்தான் ஒப்பேற்றுகிறார்கள்.

இத்தனை தொல்லைக்கும் கண்ட குறுக்குவழிதான் பெரிய இழப்பாகிவிட்டது. கம்ப்யூட்டர் திணறாதிருக்க முதலிலேயே படத்தை டிவிடி அளவுக்குச் சுருக்கிக்கொள்வது. எடிட் முடிந்ததும் அடுத்த முகூர்த்தத்துக்காக கார்டை அழிப்பது. வீட்டுக்கு வந்தது 720க்கு 576 அளவிலான டிவிடி. ஹெச்டியில் எடுத்த மூலம் எங்கும் இல்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. அடுத்த மூன்று பொங்கலுக்கும் தடை நீங்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளின் பதிவுகள் ஓர் ஊருக்கு எவ்வளவு பெரிய சொத்து! இன்று உயிரோடில்லாத காளைகளும் மாடுபிடி வீரர்களும் அவற்றில்தான் இருக்கிறார்கள்.

வழி இல்லாமல் இல்லை. படத்தை உள்ளே இழுத்ததும் எடிட்டிங்குக்கு மட்டும் எளிய நகல் ஒன்றைச் செய்து, முடிவில் மூலத்திலிருந்தே ரெண்டர் செய்வது ‘பிராக்ஸி’ முறை. இலவச மென்பொருள்களான கேடென்லைவ், ஷாட்கட் இரண்டிலும் அது இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் ஒவ்வொரு மென்பொருளும் கேட்காமலே இதைச் செய்ய வேண்டும். செட்டிங்ஸில் எங்கோ ஒரு மூலையில் ஒளித்துவைத்தால் புதிதாய்த் தொழிலுக்கு வந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? இப்போது செல்போன் பதிவுகளில் தொல்லை வேறு உருவில் தொடர்கிறது. பிரேம் வேகம் நொடிக்கு நொடி மாறுவதால், எடிட்டிங்கில் போடும்போது தவில் அடி ஓரிடத்திலும் சத்தம் வேறிடத்திலுமாக விலகிப்போகிறது.

கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ வீடியோ சொல்லும்போதே, மூலமும் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து, ‘பிரைவேட்’ ஃபோல்டரை அப்படியே, ஒரு கோப்பும் விடாமல் வாங்கிக்கொள்ளலாம். எட்டு மணி நேரப் பதிவு, 24 மெகாபிட்டில் எடுத்தால்கூட, 90 ஜிபியைத் தாண்டாது.